அப்பாவின் வானொலிப் பிரதிகள்: எதை வைப்பது, எதைக் கழிப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். உங்கள் அப்பா சென்னை வானொலியில் நாடகமும் உரைச்சித்திரமும் தயாரித்தவர். எழுபதுகளின் நடுவில் தொலைக்காட்சிக்கு மாறி அங்கேயே ஓய்வு பெற்றார். அவர் காலமான பிறகு பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினால் உள்ளே முழுக்க ஸ்கிரிப்ட். வீடு மாற வேண்டிய நேரம். தெரிந்த பேராசிரியர் ஒருவர், நல்ல நாடகங்களை மட்டும் பொறுக்கிப் புத்தகமாகப் போட்டுவிட்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார். இவற்றுக்கு மதிப்பு உண்டா, யாரிடம் கொடுப்பது, இணையத்தில் ஏற்றினால் சட்டச் சிக்கல் வருமா, கூடவே கிடக்கும் டேப் ரீல்களை என்ன செய்வது என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது. என் பதில், இப்போதைக்கு எதையும் கழிக்காதீர்கள். முக்கியமாக, நாடகம் அல்லாதவற்றைக் கழிக்காதீர்கள்.

யார் பேசுகிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். நான் வானொலியின் நிகழ்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு, எழுத்தாளர், கலைஞர் குடும்பங்களிலிருந்து வரும் தாள்களை வகைப்படுத்தி அட்டவணை போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஒரு பிரதி எப்படி உண்டாகிறது, யார் யார் கை மாறுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். தாளைக் காப்பது பற்றியும் அப்படியே. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அதை நம்பி முடிவெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

முதலில் மதிப்பு. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. ஆரம்ப காலத்தில் நாடகம் என்றால் நேரடி ஒலிபரப்புதான். நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று, படித்து முடித்த தாளைச் சத்தம் வராமல் கீழே நழுவவிட்டபடி பேசுவார்கள். முடிந்தால் முடிந்ததுதான், காற்றோடு போய்விடும். டேப் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. டேப் விலை கூடிய பொருள். ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவது வானொலியில் அன்றாட வழக்கம். தொலைக்காட்சியிலும் அப்படித்தான் நடந்தது. காப்பாற்றி வைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் தலைவர்களின் பேச்சும் பெரிய வித்வான்களின் கச்சேரியும். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெண்களுக்காகப் போன பதினைந்து நிமிட நிகழ்ச்சியை யார் எடுத்து வைக்கப்போகிறார்கள்? ஆக, அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி தாள் மட்டுமே. அலுவலகத்தில் இருந்த தாளும், வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் கழிக்கப்பட்டது. தப்பியது, தயாரிப்பாளர் வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்தான்.

பேராசிரியர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வானொலியில் இலக்கியம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து வானொலியின் கல்வி ஒலிபரப்புக்கு வந்தவர். அகிலன் சென்னை நிலையத்தில் பல ஆண்டுகள் தயாரிப்பாளர். அதனால் இந்த மாதிரிப் பெட்டிகளில் நல்ல நாடகம் கிடைக்கும், கிடைத்தால் அச்சிடுவதில் தப்பே இல்லை. ஆனால் நாடகத்துக்கு எப்படியும் யாராவது ஆதரவு தந்துவிடுவார்கள். ஆசிரியரே ஒரு நகல் வைத்திருப்பார், பத்திரிகையில் வந்திருக்கும், தொகுப்பில் சேர்ந்திருக்கும். பண்ணை நிகழ்ச்சிக்கும் தொழிலாளர் நிகழ்ச்சிக்கும் அப்படி நாதி கிடையாது. அறுபதுகளில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியதில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்புக்கு அவ்வளவு பங்கு. விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் மைக்கில் உழவரிடம் என்ன மொழியில் பேசினார்கள், எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று இன்று ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடினால் எங்கே போவார்? ‘இன்று ஒரு தகவல்’ தென்கச்சி சுவாமிநாதன்கூட வேளாண்மை படித்துவிட்டு அந்தப் பிரிவு வழியாக வந்தவர்தான். அந்தப் பேச்சு நடை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததில்லை, பண்ணை நிகழ்ச்சிகளில் பழகிப் பழகி வந்தது என்பது என் அபிப்பிராயம். அதைச் சரிபார்க்க வேண்டுமானால் உங்கள் பேராசிரியர் எடைக்குப் போடச் சொல்லும் கட்டுகள் தேவை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பெட்டியில் ஒரே நாடகத்துக்கு நாலைந்து பிரதி இருக்கும். கார்பன் வைத்துத் தட்டச்சு செய்தவை அல்லது சைக்ளோஸ்டைல் எடுத்தவை. எல்லோரும் செய்யும் முதல் காரியம், தெளிவாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்குவது. அதைச் செய்யாதீர்கள். அவை ஒரே பிரதி போலத் தெரியும், ஆனால் அல்ல. ஒன்று தயாரிப்பாளருடையது, ஒன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருடையது, ஒன்று ஒலி விளைவு செய்தவருடையது, மற்றவை நடிகர்களுடையவை. ஒவ்வொன்றிலும் பென்சில் வேறு வேறு கதை சொல்லும். சுத்தமான பிரதி பெரும்பாலும் யாரும் கையில் எடுக்காத பிரதி.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நான் அட்டவணை போட்ட ஒரு சேகரிப்பில் அரைமணி நாடகம் ஒன்று இருந்தது. தயாரிப்பாளர் பிரதியில், இடது ஓரத்தில் ஒவ்வொரு பக்கம் முடியும் இடத்திலும் பென்சிலில் நேரம்: 2.10, 4.25, 6.50 என்று ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் பக்கத்தில் 31.40. அரைமணி நேரத்துக்குள் அறிவிப்பும் முகப்பிசையும் அடங்க வேண்டும், ஆக இரண்டு மூன்று நிமிடம் வெட்டியாக வேண்டும். உடனே திரும்பிப் பார்த்தால், நீலப் பென்சிலால் மாமியார் பேச்சு ஆறு வரி அடிக்கப்பட்டிருக்கிறது, கோயில் காட்சியில் பாதி அடிக்கப்பட்டிருக்கிறது. ஒலி விளைவு செய்தவர் பிரதியில் வசனம் எதிலும் கீறல் இல்லை. ‘மழை’ என்று வரும் இடங்களில் மட்டும் வட்டம் போட்டு ‘முறம், பயறு’ என்று எழுதியிருக்கிறார். முறத்தில் பயறை மெல்ல உருட்டினால் மைக்கில் மழை. கதாநாயகி பிரதியில் ஒரு வசனத்துக்கு மேல் ‘தள்ளி நின்று’ என்று இருக்கிறது, அதாவது மைக்கிலிருந்து இரண்டடி விலகி, அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல். இந்த மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த நாடகம் எப்படிக் கேட்டிருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். தெளிவான பிரதியை மட்டும் வைத்திருந்தால் ஒலிபரப்பாகாத ஆறு வரியை ஒலிபரப்பானது என்று நம்பிப் புத்தகம் போட்டிருப்போம்.

தொலைக்காட்சிப் பிரதியும் இதே மாதிரிதான். தாள் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. இடப்பக்கத்தில் எந்த கேமரா எப்போது என்று கையால் எழுதியிருக்கும், செட்டின் படத்தைப் பின்பக்கத்தில் கோடாகப் போட்டிருப்பார்கள். ஸ்கேன் செய்பவர்கள் பின்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கம். நீங்கள் விடாதீர்கள்.

காய்ந்த அலுவலகத் தாளை வைத்திருந்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்திலிருந்து வருகிறது, நமக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெல் 1941 ஆகஸ்ட்டிலிருந்து 1943 நவம்பர் வரை பிபிசியின் கிழக்குலகப் பிரிவில், எரிக் பிளேர் என்ற சொந்தப் பெயரில், இந்தியாவுக்கான பேச்சு நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். போர்ச் செய்தி விமர்சனங்களை ஆங்கிலத்தில் எழுதினார். அப்படி எழுதியவற்றில் சில தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டன. இவ்வளவு பேசியவரின் குரல் ஒரு நிமிடம்கூட இன்று கிடையாது. ஆனால் ரெடிங் ஊருக்குப் பக்கத்தில் கேவர்ஷாம் என்ற இடத்தில் பிபிசி தன் எழுத்துக் காப்பகத்தை வைத்திருக்கிறது. அங்கே இருந்த தட்டச்சுப் பிரதிகளை ஓர் ஆய்வாளர் எண்பதுகளில் தேடி எடுத்தபோதுதான் ஆர்வெல்லின் அந்த இரண்டு வருடம் வெளியே வந்தது. பிரதிகளில் தணிக்கை முத்திரை இருக்கிறது, கொள்கைக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. எது எழுதப்பட்டது, எது அனுமதிக்கப்பட்டது என்பதை அந்தத் தாளே காட்டுகிறது. யாரும் இலக்கியம் என்று நினைத்து அதைச் சேர்த்து வைக்கவில்லை. அலுவலக விதிப்படி ஒரு நகல் கோப்பில் போட்டார்கள், அவ்வளவுதான். நம்மூரில் அந்த வேலையை உங்கள் அப்பா போன்றவர்கள் தனியாகச் செய்திருக்கிறார்கள்.

சரி, பிரதி இருந்தால் நிகழ்ச்சி ஒலிபரப்பானது என்று அர்த்தமா? இங்கேதான் நிதானம் வேண்டும். பிரதியில் போட்டிருக்கும் தேதி எழுதிய தேதியாக இருக்கலாம், ஒலிப்பதிவுத் தேதியாக இருக்கலாம், ஒலிபரப்புத் தேதியாகவும் இருக்கலாம். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட்ட ‘வானொலி’ இதழில் அச்சாகியிருந்தால் அன்று போடத் திட்டமிட்டிருந்தார்கள் என்று மட்டும் தெரியும். பெரிய தலைவர் மறைந்தால் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு சோக இசை போடுவார்கள். நேரு மறைந்த 1964 மே 27, அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3, இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31, எம்ஜிஆர் மறைந்த 1987 டிசம்பர் 24, இந்தத் தேதிகளுக்கும் அடுத்த சில நாட்களுக்கும் உரிய பிரதி உங்கள் பெட்டியில் இருந்தால், இதழில் அச்சாகியிருந்தாலும் அன்றைக்குப் போயிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாளுக்குத் தள்ளியிருக்கலாம், தேதியை அடித்து மேலே எழுதியிருக்கிறதா பாருங்கள். இதழை விட கியூ ஷீட், அதாவது அன்றைய ஒலிபரப்பில் எது எப்போது என்று நிலையத்தில் வைத்திருந்த தாள், நம்பகமானது. கலைஞருக்குப் பணம் கொடுத்த குறிப்பு அதற்குச் சமம். இவை எதுவும் இல்லையென்றால் ‘ஒலிபரப்பு உறுதியில்லை’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதே மாதிரி, அப்பாவின் கையெழுத்தில் இருப்பதெல்லாம் அப்பா எழுதியதல்ல. தயாரிப்பாளரின் பாதி வேலை திருத்தி எழுதுவது. வெளியிலிருந்து வந்த நாடகத்தை வானொலிக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார், நீளத்தைக் குறைப்பார், கண்ணால் பார்க்க வேண்டியதை வசனத்தில் சொல்ல வைப்பார். ஒரே நாடகத்தை எல்லா மொழியிலும் ஒலிபரப்பிய அகில பாரத நாடகங்களுக்கு மொழிபெயர்ப்பும் நடக்கும். அட்டவணையில் இரண்டு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஆசிரியர் என்று பிரதியில் இருப்பது’, ‘யார் கையெழுத்து’. இரண்டையும் ஒன்றாக்கினால் இன்னொருவர் எழுதியதை அப்பா பெயரில் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அவருக்கும் அது பிடித்திருக்காது.

தேதியே இல்லாத தாள்கள் நிறைய இருக்கும். அவற்றுக்கு உள்ளேயே துப்பு கிடைக்கும். வசனத்தில் அணாக் கணக்கு வந்தால் 1957 ஏப்ரலில் நயாபைசா வருவதற்கு முந்தைய மனநிலை. ஆனால் ஜனங்கள் பல வருடம் அணாவிலேயே பேசினார்கள், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வருவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு. கூட இருக்கும் கடித உறையில் ‘சென்னை-4’ என்பதற்குப் பதில் ஆறு இலக்க எண் இருந்தால் உறுதியாக 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, பின்கோடு அப்போதுதான் வந்தது. ‘பிரசார் பாரதி’ என்று தலைப்பில் இருந்தால் 1997 நவம்பருக்குப் பிறகு. பழைய லை, னை வடிவத்தை வைத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையால் எழுதுகிறவர்கள் அரசாணை பார்த்து எழுதவில்லை, அந்தத் தலைமுறையில் பலர் கடைசி வரை கொம்பு போட்டுத்தான் எழுதினார்கள். இன்னொன்று: சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது தூர்தர்ஷன் தனி அமைப்பு அல்ல, வானொலியின் ஒரு பகுதி. 1976 ஏப்ரல் 1-இல்தான் பிரிந்தது. ஆகவே அந்த இடைப்பட்ட மாதங்களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வானொலித் தலைப்புத் தாள் பயன்பட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

அந்த மாதங்கள் நெருக்கடி நிலைக் காலம் என்பதும் நினைவிருக்கட்டும். 1975 ஜூன் கடைசியிலிருந்து 1977 மார்ச் வரையான தாளில் அடித்தல் இருந்தால் உடனே ‘தணிக்கை’ என்று எழுதத் தோன்றும். எனக்கும் அந்தத் தாள்களைப் பார்க்கும்போது ஒரு பரபரப்பு வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலான வெட்டு நேரத்துக்காக. ஓரத்தில் நேரக்கணக்கு இருந்து, வெட்டிய அளவும் கூடுதல் நிமிடமும் ஒத்துப்போனால் அது கடிகாரத்தின் வேலை. நேரம் சரியாக இருந்தும் ஒரு வாக்கியம் மட்டும் வேறு மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இருந்தால், அப்போது யோசிக்கலாம். அப்போதும் ‘மேலதிகாரி திருத்தமாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் எழுத மாட்டேன்.

தாளைக் கையாளும் முறைக்கு வருகிறேன். கட்டுகளைப் பிரிக்கும் முன் பெட்டியைத் திறந்தபடியே போட்டோ எடுங்கள். எந்தக் கட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கட்டு என்ற வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும்; இல்லாவிட்டாலும், கலைத்த பிறகு இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும். ‘நாடகம் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம்’ என்று பிரிக்காதீர்கள். ஒரு நாடகத்தோடு குத்தியிருக்கும் ஒப்பந்தக் கடிதமும் நேயர் கடிதமும் அந்த நாடகத்துக்குச் சொந்தம். பெட்டி, கட்டு, தாள் என்று மெல்லிய பென்சிலில் மூலையில் எண் போடுங்கள், பேனா வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேபிளையும் இழுக்காமல் பின்பக்கமாக நெம்பி எடுத்துவிட்டு, வெள்ளை நூலால் தளர்வாகக் கட்டுங்கள். செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது, லாமினேஷன் கூடவே கூடாது. இரண்டும் தாளைக் கொல்லும். ஈரம் பட்டதை வெயிலில் காய வைக்காதீர்கள், மின்விசிறிக்குக் கீழே நிழலில் ஆற வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு நம் வீடுகளில் வசம்பு வைப்பார்கள், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் பூச்சியை விட ஈரம்தான் பெரிய எதிரி. பெட்டி சுவரை ஒட்டியோ தரையிலோ இருக்கக் கூடாது.

தொண்ணூறுகளில் வந்த ஃபேக்ஸ் தாள் வழவழவென்று சுருண்டு கிடக்கும். அதை முதலில் எடுங்கள். அது வெப்பத் தாள், எழுத்து வருடா வருடம் வெளுத்துக்கொண்டே போகும். இன்றே நல்ல நகல் எடுத்துவிடுங்கள். கார்பன் நகல் மங்கலாக இருந்தாலும் அப்படி ஓடிப்போகாது, அவசரமில்லை. ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ, வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலப் பென்சிலும் சிவப்புப் பென்சிலும் ஒன்றாகிவிடும், மேலே சொன்ன ஆராய்ச்சிக்கெல்லாம் வழியே இருக்காது.

அப்புறம் சட்டம். தாள் யாருடையது, அதில் உள்ள எழுத்தின் உரிமை யாருடையது என்பவை இரண்டு தனிக் கேள்வி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர், அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். வேலையின் பகுதியாக எழுதியதானால் வேலை கொடுத்தவருக்கும், அரசுப் பணியாக எழுதியதானால் அரசுக்கும் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். அந்த ‘வேறு ஒப்பந்தம்’தான் உங்கள் விஷயத்தில் முடிச்சு. அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்களில் பலர் ‘ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்’ என்ற ஒப்பந்த நியமனத்தில் இருந்தவர்கள். அப்பாவின் நியமனக் கடிதம் கிடைத்தால் அதில் எழுத்து உரிமை பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளியார் எழுதிக் கொடுத்த நாடகம், பேச்சு ஆகியவற்றுக்கு நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத் தாள் இருக்கும். அதில் அச்சிட்ட நிபந்தனைகளையும் படியுங்கள். பொதுவாக அவற்றின் உரிமை எழுதியவர் குடும்பத்திடம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. கடிதங்களும் அப்படியே: தாள் உங்களுடையது, அதில் உள்ள வாசகம் எழுதியவருடையது. ஆக, எல்லாவற்றையும் அப்படியே இணையத்தில் ஏற்றுவது சரியல்ல. அட்டவணையை மட்டும் ஏற்றுங்கள், அதில் ஒரு தடையும் இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

அரசுக் கோப்பு எண்ணோடு குறிப்புத் தாள் வைத்துக் கட்டிய முழுக் கோப்பு ஏதாவது இருந்தால் தனியாக வையுங்கள். மத்திய அரசின் ஆவணங்களுக்கு 1993-இல் வந்த பொது ஆவணச் சட்டம் உண்டு. தயாரிப்பாளரின் சொந்த நகல் வேறு, அலுவலகக் கோப்பு வேறு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நூலகத்திடம் கொடுக்கும்போது அது இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். சக ஊழியர் பற்றிய புகார், மெமோ, யாருடைய சம்பளச் சண்டை மாதிரியான தாள்களை எரித்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம், ‘இத்தனை ஆண்டு வரை யாருக்கும் காட்டக் கூடாது’ என்று உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

யாரிடம் கொடுப்பது? சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் கேட்க வேண்டிய இடம். கோட்டையூரில் ஒருவர் தன் ஆயுள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து 1994-இல் உருவான நூலகம் அது. நோட்டீசும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் ஆவணம்தான் என்று தெரிந்தவர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னாக்க வேலை செய்கிறது. இலங்கை எழுத்தாளர்களோடு அப்பாவுக்குக் கடிதப் போக்குவரத்து இருந்தால் அந்தப் பகுதி பற்றி நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்னாக்கம் செய்கிறவர்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள், கட்டு வாரியாக ஒரு பட்டியலோடு போங்கள். ‘அப்பாவின் ஸ்கிரிப்ட் ஆறு பெட்டி’ என்றால் யாரும் தயங்குவார்கள்; ‘1958 முதல் பண்ணை நிகழ்ச்சிப் பிரதிகள், பென்சில் குறிப்போடு’ என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். கொடுக்கும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: மொத்தமாக ஒரே பெயரில் வைப்பார்களா, டூப்ளிகேட் என்று கழிப்பதற்கு முன் உங்களிடம் கேட்பார்களா, ஸ்கேன் நகல் உங்களுக்குக் கிடைக்குமா. இரண்டாவதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெட்டி வீட்டைவிட்டுப் போகும் முன் இன்னொரு வேலை. அப்பாவோடு வேலை பார்த்த அறிவிப்பாளர், நாடகக் கலைஞர் யாராவது இருந்தால் பிரதியைக் கையில் கொடுத்து, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு உட்காருங்கள். பொதுவாக ‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ‘தங்கமான மனுஷன்’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்தச் சுருக்கொப்பம் யாருடையது, இந்த வரியை ஏன் அடித்தார்கள், இந்த மழையை யார் செய்தது’ என்று விரல் வைத்துக் கேளுங்கள். உங்கள் அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் கடைசி நேரத்தில் நல்ல பிரதி எடுத்து எழுதியது மனைவிமார்தான். ‘யார் கையெழுத்து’ என்ற பத்தியில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

கடைசியாக ரீல். ஆசைக்குப் பழைய ரெக்கார்டரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பல பத்தாண்டு கிடந்த டேப்பில் மேல்பூச்சு பிசுபிசுத்து ரெக்கார்டரின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும் அல்லது உதிரும், ஒரு ஓட்டத்திலேயே போய்விடும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த காடி வாசனை வந்தால் டேப் சிதையத் தொடங்கிவிட்டது, அதை மற்றதிலிருந்து பிரித்து வைத்து முதலில் கொடுங்கள். ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வைக்கக் கூடாது. நிமிர்த்தி நிற்க வையுங்கள், படுக்க வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டாம். அட்டைப் பெட்டியின் முதுகில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே அதுதான் இருக்கும் என்று நிச்சயமில்லை, அழித்து மறுபதிவு செய்த காலம் அது. ஆனால் உள்ளே ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் நேரக்கணக்கு ஏதாவது ஒரு ஸ்கிரிப்டின் ஓரத்தில் உள்ள பென்சில் எண்ணோடு பொருந்தினால், எந்தப் பிரதியின் குரல் அது என்று டேப்பை ஓட்டாமலே ஓரளவு தெரிந்துவிடும். பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.